ஓடைச் சல்லடையில் பழுப்பு ஒயர்

என் பெயர் தகேச்சி மசுமி. வயது ஐம்பத்தேழு. கோச்சி மாவட்டம், கமினோகாவா கிராமம், குரோதகி குடியிருப்பின் மேல் வீட்டில் என் கணவர் தகேச்சி ஹிரோதகா, வயது அறுபத்து நான்கு, என்பவருடன் குடியிருந்து வருகிறேன். யூசு என்னும் எலுமிச்சை வகைப் பழத்தோட்டம் வைத்திருக்கிறோம். நான் பிறந்தது கடலோரத்து மீன்பிடி ஊர். திருமணமாகி மலைக்கு வந்தவள்.

என்னை யாரும் அழைத்து வரவில்லை. இன்று காலைப் பேருந்தில் நானாகவே நிலையத்துக்கு வந்தேன். கணவருக்கு எதிராகப் போகக்கூடிய எதையும் நான் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்றும், விருப்பமில்லாவிட்டால் எழுந்து போகலாம் என்றும் அதிகாரி எடுத்துச் சொன்னார். புரிந்துகொண்டு, அதன் பிறகே சொல்கிறேன். சென்ற வாரம் எங்கள் வீட்டுக்கு விசாரிக்க வந்த காவலர்களிடம் நான் சொன்னது முழுமையானது அல்ல. அதைத் திருத்த வந்திருக்கிறேன்.

குரோதகியில் இப்போது ஆள் இருப்பது மூன்றே வீடுகளில். மேலே நாங்கள். எங்களுக்குக் கீழே ஒசாகி தமோட்சு, அவர் மனைவி நோபுவே. அதற்கும் கீழே சாலையோரத்தில் குடியிருப்புத் தலைவர் கிடாமுரா. எங்கள் வீட்டின் பின்புறம் ஓடுகிற ஓடை இறங்கித்தான் ஒசாகியின் வசாபி என்ற காரக் கிழங்குப் பாத்திகளுக்குப் போகிறது. வசாபிக்கு நாள் முழுவதும் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் வேர் அழுகிவிடும்.

என் கணவர் பேருந்து நிறுவனத்தில் ஓட்டுநராகவும் பிறகு பணிமனையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடம் முன்பு புயலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சரிவு இடிந்து மின்கம்பங்களை அடித்துக்கொண்டு போனது. கம்பி மறுபடி வந்து சேர்வதற்குள் உறைபெட்டியில் இருந்த யூசுச் சாறும் காட்டுப்பன்றி இறைச்சியும் கெட்டுப்போய், தோண்டிப் புதைத்தோம். புதைத்துவிட்டு மண்வெட்டியைக் கழுவும்போது அவர் ஓடையைப் பார்த்து, "வீட்டுக்குப் பின்னால இவ்வளவு பலம் சும்மா ஓடுது, நாம கம்பத்த பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்" என்றார். அதன் பிறகு அவர் தானே மின்சாரம் எடுக்கும் வேலையைத் தொடங்கினார்.

அவர் செய்தது இதுதான். வீட்டுக்கு மேலே ஓடையின் குறுக்கே கல் அடுக்கிச் சின்ன அணை கட்டினார். அணையின் ஓரத்தில் இலை தழை புகாமல் இருக்க இரும்புக் கம்பிச் சல்லடை வைத்தார். சல்லடை வழியாக வரும் தண்ணீர், மணல் அடியில் தங்குவதற்காக, எங்கள் பழைய குளியல் தொட்டியில் விழும். தொட்டியிலிருந்து பிவிசி குழாய் சரிவில் இறங்கி வீட்டின் பின்கொட்டகைக்கு வரும். கொட்டகையில் ஒரு இரும்புத் தட்டைச் சுற்றி சூப் கரண்டிகளைக் காம்பு வெட்டிப் பொருத்தியிருந்தார். குழாய் முனையிலிருந்து பீறிடும் தண்ணீர் கரண்டிக் குழிகளில் அடித்தால் தட்டு சுழலும். அதோடு பெல்ட் போட்டு லாரி டைனமோவை ஓட்டி, பேட்டரியில் ஏற்றி, இன்வெர்ட்டர் வழியாக வீட்டுக்கு விட்டார். கரண்டிகளில் பாதி என் சமையலறையிலிருந்து போனவை. மிசோ சூப்பைக் கிண்ணத்தால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

முதல் முறை சமையலறை விளக்கு எரிந்தபோது அவர் என்னைக் கூப்பிட்டு அதை அணைத்து மறுபடி போடச் சொன்னார். அணைத்துப் போட்டேன். இன்னொரு தடவை என்றார். அப்போது ஒசாகியும் வந்திருந்தார். வசாபி இலை ஊறுகாய் கொண்டுவந்து, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஹிரோசான், நீ தண்ணியிலேர்ந்து கரண்ட உருவி எடுத்துட்டா, கீழ எனக்கு வர்றது சக்கைதானே?" என்றார். எல்லோரும் சிரித்தோம். என் கணவரும் சிரித்தார்.

சென்ற கோடையில் ஒசாகியின் பாத்திகளில் மேல் வரிசை அழுகியது. அதன் பிறகு அவர் அதே வார்த்தையைச் சிரிக்காமல் சொல்லத் தொடங்கினார். கிடாமுரா வீட்டில் பேச்சுவார்த்தை நடந்தது. என் கணவர் தான் எடுக்கும் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் ஒசாகியின் பாத்திக்கு மேலேயே ஓடையில் திரும்பச் சேர்கிறது என்று சொன்னார். அது உண்மை. ஒசாகி, "சேருதுன்னு நீ சொல்ற. நிறைய நாள் காலையில என் பாத்தி காஞ்சு கெடக்கே, அது யார் சொல்றது?" என்றார். என் கணவர், "அப்ப நான் திருடனா?" என்று கேட்டார். யாரும் திருடன் என்று சொல்லவில்லை என்று கிடாமுரா குறுக்கே வந்தார். ஒசாகி மட்டும் தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர், "பாத்தியா, இல்லன்னு சொல்லல அவன்" என்றார். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

இந்த இலையுதிர் காலத்தில் சக்கரம் அடிக்கடி காலையில் நின்றுபோனது. ஒரு நாள் என் கணவர் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே ஒரு துவாலை சிக்கியிருந்தது. விவசாயக் கூட்டுறவுச் சங்கம் புத்தாண்டுக்குக் கொடுக்கும் துவாலை. மூன்று வீட்டிலும் அது உண்டு. அவர் அதை என் முன்னால் போட்டு, "தண்ணி தானா போய் துவாலைய எடுத்துக்கிட்டு வந்துச்சா?" என்றார். நான் அதைத் துவைத்தபோது ஓரத்தில் பழுப்பான கறை இருந்தது. நான் தக்காளி போன்ற காக்கிப் பழம் உரித்துக் கை துடைத்ததால் வந்த கறை என்று தோன்றியது. எங்கள் குளியல் தொட்டியின் குழாய் இணைப்பில் கசிவுக்காக அப்படி ஒரு துவாலையை அவரே சுற்றியிருந்தார். அதைச் சொன்னேன். "கறை இல்லாத துவாலை எந்த வீட்டுல இருக்கு?" என்றார். நானும் விட்டுவிட்டேன். விட்டதற்குக் காரணம், எனக்கும் ஒசாகி மேல் சந்தேகம் இருந்தது.

அதன் பிறகு சமையலறை ஜன்னலில் நின்று மேலே பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அணைப் பக்கத்து மண்ணில் ரப்பர் பூட்ஸ் தடம் பார்த்தேன். என் கணவரின் தடத்தைவிடச் சிறியது. பிறகு ஒரு காலை, ஒசாகி மூங்கில் வாரியோடு எங்கள் தோட்ட ஓரமாக மேலே ஏறுவதைப் பார்த்தேன். அணையருகே முதுகைக் காட்டிக் குனிந்து ஏதோ செய்தார். இறங்கும்போது எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். நான் திரைக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் சல்லடையில் எதையோ திணிக்கிறார் என்று நினைத்தேன். போய்ப் பார்க்கவில்லை. அன்று மதியச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்து, "எந்தப் பக்கமா ஏறினான்?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குச் சில நாள் கழித்து நான் அணைப் பக்கம் போனபோது சல்லடையின் கம்பியில் ஒரு ஒயர் முறுக்கிக் கட்டியிருந்ததைப் பார்த்தேன். பன்றிக்காக யூசுத் தோட்டத்தைச் சுற்றி நாங்கள் போட்டிருக்கும் வேலிக் கம்பி நீலமும் வெள்ளையும் கலந்தது. கடையில் வாங்கிய வேலிப் பெட்டியிலிருந்து மின்சாரம் விட்டு விட்டுச் சுண்டும், கை உதறினால் போயிற்று. இது அது அல்ல. வீட்டுக்குள் விளக்குக்குப் போடும் பழுப்பு ஒயர். புல்லுக்கு அடியில் கொட்டகை வரை போயிருந்தது. சல்லடைக்கு முன்னால் அமாகோ என்னும் ஓடை மீன்கள் இரண்டு மூன்று வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

கணவரிடம் கேட்டேன். "பன்றி வந்து அணைக்கல்லைப் புரட்டுது" என்றார். மீன் எப்படிச் செத்தது என்று கேட்டேன். "கொக்கு போட்டுட்டுப் போயிருக்கும்." அதன் பிறகு அவர் மேலே போய் அந்த மீன்களை எடுத்துவந்து உப்புப் போட்டுச் சுட்டார். எனக்கும் ஒன்று வைத்தார். நான் வயிறு சரியில்லை என்றேன். நான் மீன்பிடி ஊரில் பிறந்தவள். கொக்கு போட்ட மீனில் அலகு பட்ட காயம் இருக்கும். அந்த மீன்களின் தோலில் ஒரு கீறல் இல்லை.

அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன்: பன்றி எங்கள் பக்கம் இருட்டிய பிறகுதான் வரும். என் கணவர் அந்த ஒயரைக் கொட்டகையில் செருகுவது விடிந்த பிறகு. காலை உணவு முடிந்ததும் போய்ப் பிடுங்கிவிடுவார். அவர் செருகியிருக்கும் நேரம் சமையலறை விளக்கு மங்கி மஞ்சளாக எரியும். அதை வைத்து எனக்குத் தெரியும். ஒருமுறை, "ஏங்க, யாராவது தொட்டா?" என்று கேட்டேன். "நம்ம சல்லடைய எதுக்குத் தொடணும் ஒருத்தன்? தொடாதவனுக்கு என்ன பயம்?" என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒசாகி வீட்டுக்குப் போய்ச் சொல்லவும் இல்லை.

சம்பவ தினத்துக்கு முந்தின இரவெல்லாம் காற்று. காலையில் முற்றமெல்லாம் சருகு. நான் மிசோ சூப் வைத்துக்கொண்டிருந்தேன், என் கணவர் மேசையில் இருந்தார், விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. சூப்பை ஊற்றும்போது விளக்கு ஒருமுறை அணைவதுபோல் ஆகி மறுபடி வந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் விளக்கைப் பார்த்தார். அதன் பிறகு கிண்ணத்தில் மீதியிருந்த தேநீரைக் குடித்தார், சூடாக இருந்ததால் ஊதி ஊதிக் குடித்தார், பிறகு எழுந்து பூட்ஸ் போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னால் போனேன்.

அவர் முதலில் கொட்டகைக்குள் போய் வெளியே வந்தார். ஒயரைப் பிடுங்கியிருக்க வேண்டும். அது சரியான செயல்தான், பிடுங்காமல் யாரும் கிட்டப் போகக் கூடாது என்பது எனக்கும் தெரியும். அதன் பிறகு மேலே ஏறினார். ஒசாகி அணைக்குக் கீழே கற்களின் மேல் பக்கவாட்டில் விழுந்து கிடந்தார். பாதி முகம் தண்ணீரில் இருந்தது. என் கணவர் அவரைத் தாண்டிப் போய்ச் சல்லடையிலிருந்து ஒயரை அவிழ்த்தார். முறுக்கு இறுகியிருந்ததால் உடனே வரவில்லை, இடுக்கி எடுத்து வெட்டினார். இடுக்கி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. ஒயரைச் சுருட்டி மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டார். நான் அதற்குள் ஓடைக்குள் இறங்கி ஒசாகியின் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். மூச்சு இருந்தது. வலது கையுறை கழன்று கல்லில் கிடந்தது. வலது உள்ளங்கையில் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு இருந்தது, ஓரம் கருகியிருந்தது.

கணவரைப் பார்த்து, "ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க" என்று கத்தினேன். அவர் என் பக்கத்தில் குனிந்து, "பாசி. வழுக்கிட்டாரு. நாம ரெண்டு பேரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம்" என்றார். அதன் பிறகே போய்ப் போன் செய்தார்.

ஆம்புலன்ஸ் வருவதற்கு நேரம் ஆனது. அப்போதுதான் பக்கத்துக் கரையைப் பார்த்தேன். சருகுகள் வாரிக் குவிக்கப்பட்டிருந்தன. மேலே இருந்தவை அன்று வாரியவை, சொட்டச் சொட்ட ஈரம். மூங்கில் வாரி அதன்மேல் கிடந்தது. நான் காலால் தள்ளிப் பார்த்தேன். அடியில் இருந்தவை மட்கிக் கறுத்துப்போயிருந்தன. பல நாளாக யாரோ அதே இடத்தில் வாரிப் போட்டு வந்த குவியல். ஒசாகி சல்லடையில் எதையும் திணிக்கவில்லை. அடைத்ததை எடுத்துக்கொண்டிருந்தார்.

விசாரணைக்குக் காவலர்கள் வந்தபோது என் கணவர் பாசியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்படித்தானா என்று என்னைக் கேட்டார்கள். "அப்படித்தான்" என்றேன். இப்போது அதைத் திரும்பப் பெறுகிறேன்.

அதன் பிறகு மருத்துவமனைக்கு ஒசாகியைப் பார்க்கப் போனேன். தோள் எலும்பு முறிவு, தலையில் தையல். வலது கையைப் போர்வைக்குள் வைத்திருந்தார். நோபுவே வெந்நீர் பிடிக்கப் போன நேரத்தில், "அங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன். அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறபடி:

"சல்லடை அடைச்சா அணையில தண்ணி ஏறி, இடிஞ்ச சரிவு வழியா அந்தப்பக்கப் பள்ளத்துக்குப் போயிடுது மசுமிசான். உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. ஹிரோசான்கிட்ட சொன்னா சண்ட. வாரிவிட்டா எனக்குத் தண்ணி, உங்களுக்கு வெளக்கு. கேக்காம உங்க நெலத்துல காலு வச்சது என் தப்புதான்."

"கையில என்ன?" என்றேன்.

"வழுக்கினேன்."

"ஒசாகிசான், வழுக்கினா கை கருகாது."

அவர் போர்வையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டார். பிறகு, "மூணு வீடுதான் இருக்கு. ஒரு வீட்டுக்காரன புடிச்சுக்கிட்டுப் போனா ரெண்டு. அப்புறம் பேருந்தும் வராது. நான் வழுக்கினேன்னு எழுதிக் குடுத்தாச்சு, நீங்க போங்க" என்றார். நோபுவே திரும்பி வந்ததும் பேச்சு நின்றது.

நானும் அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். காயப்பட்டவர் வழுக்கினேன் என்கிறார், கணவர் வழுக்கினார் என்கிறார், மூன்றாவது ஆள் எதற்கு என்று நினைத்தேன். கணவரும் சாதாரணமாக இருந்தார். எனக்குப் புது சூப் கரண்டி வாங்கி வந்தார். இரவில் அவர் தூங்கும் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

நேற்று மாலை நோபுவே எங்கள் வாசலுக்கு வந்து தலை வணங்கி, தன் கணவர் வீடு திரும்பும்வரை தானே காலையில் வந்து சல்லடையை வாரிவிடலாமா, பாத்தி காய்கிறது என்று கேட்டார். அனுமதி கேட்டார். நான், "தாராளமா வாங்க, நானும் கூட வர்றேன்" என்றேன். அவர் போன பிறகு கணவரிடம் சொன்னேன். அவருக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காகத் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சொன்னேன். "சரி" என்றார்.

இன்று விடிந்ததும் சமையலறை விளக்கைப் போட்டேன். மஞ்சளாக எரிந்தது.

நான் செருப்போடு வெளியே ஓடினேன். என் கணவர் முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். "நோபுவேசான் வருவாங்கன்னு சொன்னேனே!" என்றேன். அவர் வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு, "பன்றிக்குன்னு சொல்றேன்ல. எத்தன வாட்டி சொல்றது உனக்கு?" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நான் கொட்டகைக்குப் போய் இன்வெர்ட்டரை அணைத்தேன், செருகியதைப் பிடுங்கினேன், குழாயின் வால்வைத் திருகி மூடினேன். சக்கரம் நிற்கும்வரை நின்றேன். மேலே போய் சல்லடையிலிருந்து ஒயரை அவிழ்த்து எடுத்தேன். கையால் அவிழ்க்க வராததால் பல்லால் கடித்து அவிழ்த்தேன். அவர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. "பைத்தியமா உனக்கு? உறைபெட்டி நின்னுடும்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு பாதையில் இறங்கும்போது நோபுவே வாரியைத் தூக்கிக்கொண்டு எதிரே ஏறி வந்தார். அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் நடந்தது முழுவதையும் சொன்னேன். நோபுவே அழவில்லை. வாரியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "பேருந்துக்கு நேரமாச்சு, நீங்க போங்க. நான் கதவப் பூட்டிக்கிட்டு உள்ளதான் இருப்பேன்" என்றார். அங்கிருந்து நேராக இங்கே வந்தேன். மேற்படி பழுப்பு ஒயரையும், என் பல் பட்ட முனை உட்பட, அதிகாரியிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

உங்கள் கணவர் கொல்ல நினைத்தாரா என்று அதிகாரி கேட்டார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. முதல் முறை ஒசாகி எதையோ திணிக்கிறார் என்று அவர் உண்மையிலேயே நம்பியிருக்கலாம். நானே நம்பினேன், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாம் முறை வரப்போவது யார், எதற்கு என்று அவருக்குத் தெரியும். அதையும் நான்தான் சொன்னேன். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதைச் சொன்னது யார் என்று கணவருக்குத் தெரியாமல் வைக்க முயற்சி செய்யலாம் என்று அதிகாரி சொன்னார். வேண்டாம் என்றேன். இதை அவருக்குப் படித்துக் காட்டும்போது என் பெயரைச் சேர்த்தே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே உள்ளவை அனைத்தும் நான் சொல்ல அதிகாரி எழுதியவை. என் முன்னால் வரிவரியாகப் படிக்கப்பட்டன. யூசு மரத்துக்குப் பின்னால் என்று எழுதியிருந்ததைத் திரைக்குப் பின்னால் என்று திருத்தச் சொன்னேன், திருத்தப்பட்டது. மற்றவை நான் கண்டதும் கேட்டதும் செய்ததும் ஆகும். கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. கையெழுத்தோடு வைக்கும் பெயர் முத்திரை கொண்டுவந்திருந்தால் வைக்கலாம் என்று அதிகாரி சொன்னார். முத்திரை என் பையில் இருக்கிறது. அதில் பொறித்திருப்பது கணவரின் குடும்பப் பெயர். அதனால் இடது கைச் சுட்டுவிரலை மையில் தொட்டு ரேகை வைக்கிறேன்.

(ஒப்பம்) மசுமி
இடது சுட்டுவிரல் ரேகை